கம்பி முன்னே, குழாய் பின்னே

வைத்தியர் நாடி பார்க்க விரல் வைக்கிற இடம் நமக்கெல்லாம் தெரியும். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம். அங்கே துடிப்பது ரேடியல் தமனி. அதன் உள்விட்டம் பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். ஐசியூவில் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அழுத்தம் அளக்க இதற்குள்தான் மெல்லிய குழாய் போடுகிறார்கள். ஆஞ்சியோகிராமுக்கும் இன்று பெரும்பாலும் இதுவே வாசல். இத்தனை சின்ன இடத்துக்குள் குழாய் எப்படிப் போகிறது? தேடிப் படித்ததில் கிடைத்தது ஒரு சுவாரசியமான வரலாறு.

தமனியில் ஊசி குத்துவது கஷ்டம்தான், ஆனால் அதைவிடக் கஷ்டம் அடுத்த படி. ஊசிமுனை உள்ளே இருக்கும்போதே மென்மையான குழாயை எப்படி உள்ளே அனுப்புவது? 1948-இல் ஸ்வீடனின் ஸ்டிக் ராட்னர், மணிக்கட்டில் தோலை வெட்டித் தமனியை வெளிப்படுத்தி, அதன் வழியே மகாதமனி வரை குழாய் செலுத்திப் படம் எடுத்தார். வெட்டாமல் செய்ய இன்னொரு வழி, பருமனான ஊசியின் துளைக்குள்ளேயே குழாயை விடுவது. இதில் ஒரு சிக்கல் பாருங்க. குழாயை விட ஊசி பெரிசு. ஊசியை உருவியதும் தமனியில் இருக்கும் ஓட்டை குழாயை விடப் பெரிசாக இருக்கும். சுற்றிலும் ரத்தம் கசியும்.

இதற்கு விடை சொன்னவர் ஸ்வென்-இவார் செல்டிங்கர், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் இருந்த இளம் கதிரியக்க மருத்துவர். ஒரு முயற்சி தோற்றுப்போய், கையில் ஊசி, கம்பி, குழாய் மூன்றையும் வைத்துக்கொண்டு நின்றபோது, எதை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்று சட்டென்று பிடிபட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதலில் ஊசி. அதன் வழியே வளையும் கம்பி. ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே குழாயைத் தள்ளு. கடைசியில் கம்பியை எடு. இப்போது ஓட்டையும் குழாயும் ஏறக்குறைய ஒரே அளவு. 1953-இல் கட்டுரை வெளிவந்தது. கருவிகளை விட, அவற்றின் வரிசைதான் இங்கே கண்டுபிடிப்பு. நிரல் எழுதுகிறவனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை!

மணிக்கட்டில் இன்று மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன.

ஒன்று, நேரடி முறை. ஊசியின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும். ரத்தம் தெரிந்ததும் இன்னும் துளி முன்னே போய், உறையை மட்டும் தள்ளுவார்கள். எளிது, ஆனால் அந்தத் துளி தூரத்தில் முனை தமனியை விட்டு வெளியே போய்விடலாம்.

இரண்டு, துளைத்துச் செல்லும் முறை. வேண்டுமென்றே பின்சுவரையும் துளைத்துவிட்டு, ஊசியை எடுத்து, உறையை மெல்லப் பின்னுக்கு இழுப்பார்கள். ரத்தம் பீறிட்டால் முனை உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே முன்னே தள்ளுவார்கள், பெரும்பாலும் கம்பியின் துணையோடு. இரண்டு ஓட்டை போடுவது கூடுதல் ஆபத்து என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மூன்று, செல்டிங்கர் வழி. கம்பி இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது அல்ட்ராசவுண்டும் சேர்ந்துவிட்டது. தமனியைத் திரையில் பார்த்துக்கொண்டே குத்துவதால், முதல் முயற்சியிலேயே வெற்றி கிடைப்பது கூடியிருக்கிறது. ஒவ்வொரு தவறிய குத்தும் வலி, வீக்கம், தமனிச் சுருக்கம் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

இதய மருத்துவத்தில் மணிக்கட்டு வழியைத் திறந்தவர் மான்ட்ரியாலின் லூசியன் காம்போ. 1989-இல் 100 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனய் இதே வழியில் அடைப்பு நீக்கினார். தொடைத் தமனி ஆழத்தில் இருப்பதால், அங்கே கசிவது வெளியே தெரியாமல் சேரலாம். மணிக்கட்டிலோ எலும்பின் மேல் வைத்து அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும். மாரடைப்பு, மாரடைப்புக்கு முந்தைய நிலையில் வந்த 8,404 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான மேட்ரிக்ஸ் ஆய்வில், மணிக்கட்டு வழியில் பெரிய ரத்தக்கசிவும் இறப்பும் குறைவாக இருந்தன.

செல்டிங்கருக்கு வருவோம். முனைவர் பட்டத்துக்கு இந்த முறை போதாது என்று சொல்லிவிட்டார்களாம். வேறொரு தலைப்பில்தான் பட்டம் வாங்கினார். இன்று நரம்பு வழிக் குழாய் முதல் நுரையீரல் நீர் எடுக்கும் குழாய் வரை, கம்பியை முன்னே விட்டுக் குழாயைப் பின்னே அனுப்பும் இடங்களில் எல்லாம் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.