குடிமக்கள் பேரவை (பிரிட்டிஷ் கொலம்பியா)

தேர்தல் முறையை மாற்றலாமா என்று ஆராய, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு 2004-இல் கூட்டிய மக்கள் அவை. 1996 தேர்தலில் குறைவான வாக்கு பெற்ற கட்சியே ஆட்சி அமைத்தது. 2001-இல் 58 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குக்கு 79-இல் 77 இடங்கள் ஒரே கட்சிக்குப் போயின. இந்தக் கோணல்தான் பேரவைக்கு வித்திட்டது.

உறுப்பினர்கள் குலுக்கல் முறையில் தேர்வானார்கள்: தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண், இவர்களோடு மாகாணம் முழுவதற்குமாகப் பழங்குடியினர் இருவர், ஆக 160 பேர். பதவியிலிருந்த அரசியல்வாதிகளுக்கு இடமில்லை. வார இறுதிகளில் வான்கூவரில் கூடி உலகத் தேர்தல் முறைகளைப் படித்தார்கள். பின் ஊர் ஊராகச் சென்று சுமார் 50 கூட்டங்களில் மக்களின் பேச்சைக் கேட்டார்கள். கட்சிகள் தமக்குள் பேசி முடிக்கும் விஷயத்தைச் சாதாரண வாக்காளர் கையில் ஒப்படைத்ததே இதன் பெரும் சாதனை.

இறுதியில் 146 பேர் ஒற்றை மாற்று வாக்கு முறையை ஆதரித்தனர். எதிர்த்தவர் 7 பேரே. வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசையில் குறிக்கும் இம்முறை இந்திய மாநிலங்களவைத் தேர்தலில் உள்ளதுதான். 2005 பொது வாக்கெடுப்பில் 57.7 விழுக்காட்டினர் ஆதரித்தும், 60 விழுக்காடு வேண்டும் என்ற நிபந்தனையால் பரிந்துரை தோற்றது. பெரும்பான்மையினர் கேட்ட மாற்றத்தை அந்த வரம்பு தடுத்தது நியாயமாகப்படவில்லை. 2009-இல் நடந்த மறு வாக்கெடுப்பில் ஆதரவு 39 விழுக்காடாகச் சரிந்தது.