விட்டுவிட்டு வரும் கோளாறு

1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலுள்ள என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வெப் சர்வரோடு சி.ஜி.ஐ. என்ற முறை புழக்கத்துக்கு வந்தது. கோரிக்கை வந்ததும் சர்வர் புதிதாக ஒரு பிராசஸைத் தொடங்கி ஸ்கிரிப்டை ஓட்டும். பதில் போனதும் அந்தப் பிராசஸ் முடிந்துவிடும்.

அன்றைய கோளாறுகளில் பெரும்பாலானவை ஒளிந்து விளையாடவில்லை. கோப்புக்கு இயக்கும் அனுமதி தரப்படாமல் இருக்கும். முதல் வரியில், ஸ்கிரிப்டை இயக்கும் பெர்ல் மொழி மென்பொருள் இருக்கும் இடம் தவறாக இருக்கும். அல்லது விண்டோஸில் எழுதிய கோப்பில் வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும். எதுவானாலும் ஸ்கிரிப்ட் ஒருமுறைகூட ஓடாது. பிரவுசரில் பிழைச் செய்தி வரும். எரர் லாகைத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும். கூட்டம் அதிகமாகி, மெமரி போதாமல் புதுப் பிராசஸ் தொடங்க முடியாமல் போவது போன்ற வேளைகளில்தான் சில கோரிக்கைகள் மட்டும் தோற்கும்.

ஒவ்வொரு முறையும் புதுப் பிராசஸ் என்பது சர்வருக்குப் பெரும் சுமை. 1995இல் அப்பாச்சி என்ற வெப் சர்வர் வந்தது. மறு ஆண்டே பெர்லை அதற்குள்ளேயே வைக்கும் மாட்-பெர்ல் வெளியானது. ஸ்கிரிப்ட் ஒருமுறை ஏற்றப்பட்டால் போதும், பிராசஸ் உயிரோடிருந்து அடுத்தடுத்த கோரிக்கைகளைக் கவனிக்கும். வேகம் பல மடங்கு கூடியது. விட்டுவிட்டு வரும் கோளாறு பெருகியதும் இதனால்தான்.

அப்பாச்சியில் ஒரே நேரத்தில் பல பிராசஸ்கள் காத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவு. ஒரு கோரிக்கையில் வைத்த மதிப்பு அழியாமல் தங்கி, அடுத்து அதே பிராசஸுக்கு வருபவரின் பதிலில் கலக்கும். டேட்டாபேஸ் இணைப்பின் கதை இன்னும் மோசம். மை-எஸ்.க்யூ.எல். என்ற டேட்டாபேஸ் வழக்கமான அமைப்பில் 28,800 வினாடிகள், அதாவது எட்டு மணி நேரம், சும்மா கிடக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும். இரவெல்லாம் வேலையில்லாமல் இருந்த பிராசஸ் காலையில் செத்த இணைப்போடு எழும். அதனிடம் போன கோரிக்கை தோற்கும், புதிதாகத் தொடங்கிய பிராசஸிடம் போனது பிழைக்கும். பக்கத்தைத் திரும்ப ஏற்றினால் சரியாகிவிடும் என்பதால் பயனர் சொல்லும் புகாரை நம்பவே ஆளிருக்காது.

இதற்குச் சர்வர் நிர்வாகிகள் கண்ட வழி எளிமையானது, அழகானதும்கூட. அப்பாச்சியை எக்ஸ் என்ற தேர்வோடு தொடங்கினால் ஒரே ஒரு பிராசஸ்தான் ஓடும். எல்லாக் கோரிக்கையும் அதனிடமே போவதால், நினைவில் தங்கிய மதிப்பால் வரும் பிழை இரண்டாவது முறையே தலைகாட்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதைச் செய்ய முடியாது. அங்கே அக்சஸ் லாகில் பிராசஸ் எண்ணையும் எழுதவைத்து, தோற்றவை எல்லாம் ஒரே எண்ணில் விழுகின்றனவா என்று பார்த்தார்கள். இத்தனை கோரிக்கைக்குப் பின் பிராசஸ் ஓய்வுபெற வேண்டும் என்று வரம்பு வைப்பதும் வழக்கமானது. மெமரி கசிவுக்கு அது நல்ல மருந்து. சர்வரை ரீஸ்டார்ட் செய்வதோ தடயத்தை அழிக்கும் வேலை. கோளாறு சில நாள் மறைந்து மறுபடி வரும்.

இந்தத் தடயங்களைப் பின்னாளில் மென்பொருள்களே லாகில் எழுதத் தொடங்கின. 2010இல் பி.எச்.பி. மொழியோடு சேர்ந்த, பிராசஸ்களை நிர்வகிக்கும் எஃப்.பி.எம்., பிராசஸ் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டதும் லாகில் எச்சரிக்கை எழுதியது. 2012இல் வந்த அப்பாச்சி 2.4 முதல், எரர் லாகின் வழக்கமான வடிவத்திலேயே பிராசஸ் எண் இடம்பெறுகிறது.