பேன் பிடித்த ஒரு சொல்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழையிலைக் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும், "இன்னைக்கு ரசம் லௌசி லா" என்று யாராவது சொல்வது காதில் விழும். படம் லௌசி, பஸ் சர்வீஸ் லௌசி, போன் லைன் லௌசி. நம் ஊர்ப் பேச்சில் 'மோசம்' செய்துவந்த வேலையில் பாதியை இது பிடுங்கிக்கொண்டுவிட்டது.

இதன் வேர் பேன். ஆங்கிலத்தில் பேனுக்கு லௌஸ். லௌசி என்றால் பேன் பிடித்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல் உண்டு. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சாசர் தன் கேன்டர்பரி கதைகளில் ஒரு வித்தைக்காரனுக்கு இந்த அடைமொழியைக் கொடுத்துவிட்டார். அவன் தலையை யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அற்பப் பயல், அவ்வளவுதான். (நம்ம 'லூசு'க்கும் இதற்கும் உறவில்லை. அது கழன்ற திருகாணி சமாச்சாரம்.)

எனக்குப் புதிராக இருந்தது வேறு. பேனுக்கு நம்மிடம் என்ன பஞ்சம்? ஈர், பேன், சீலைப்பேன் என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கும் பழமொழியும் இருக்கிறது. ஆனாலும் 'பேன் பிடிச்ச படம்' என்று யாரும் திட்டுவதில்லை. சொத்தை என்போம், அது கத்தரிக்காயிலிருந்து வந்தது. மொக்கை என்போம், அது கூர் மழுங்கிய கத்தி. ஊசிப்போனது என்றால் பழைய குழம்பு. பேன் மட்டும் வசைக்கு வரவில்லை.

நம் பேச்சில் பேன் என்றால் பெரும்பாலும் தலைப்பேன் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தோட்டத்து லயத்து வாசலில் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து பேன் பார்ப்பது ஊர்க்கதை பேசும் நேரம். அம்மா மடியில் தலை சாய்க்கும் நேரம். அதை எப்படி வசையாக்குவது?

ஆங்கிலச் சொல்லுக்குள் நெளிவது சீலைப்பேன் என்று தோன்றுகிறது. அது துணியின் தையலில் தங்கி முட்டையிடும். மாற்றுச் சட்டை இல்லாதவன், குளிரில் போட்டதைக் கழற்ற முடியாதவன், அவன் மேல்தான் பெருகும். கைதி, அகதி, பிச்சைக்காரன், முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய். டைபஸ் காய்ச்சலை இந்தப் பேன்தான் பரப்புகிறது என்று 1909இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் நிறுவினார். 1928இல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார். அதற்குள் அமெரிக்கப் பேச்சில் இந்தச் சொல் எதற்கும் ஒட்டும் அடைமொழியாகி, 'பணம் லௌசியாகக் கிடக்கிறது' என்ற மாதிரி 'நிறைய' என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டது. பேன் ஒன்றிரண்டாகவா இருக்கும்?

ஆக, சட்டை மாற்ற வழியில்லாதவனைச் சொன்ன சொல் இது.

போன வருடம் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று பேச்சு வந்தது. "தமிழ் ஸ்கூலா? ஃபெசிலிட்டி லௌசி லா" என்றார் எதிரே இருந்தவர். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்ட நிலத்தில் முளைத்தவை. நிலம் அரசுடையது இல்லை என்பதால் 'பகுதி உதவி' என்ற பட்டியலில் விழுந்து, முழு மானியம் கிடைக்காமல் பல காலம் ஓட்டியவை. தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது மூட்டை கட்டிக்கொண்டு நகர்ந்த பள்ளிகளும் உண்டு.

"அண்ணே, அந்தச் சொல்லோட அர்த்தம் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அதற்குள் பிரியாணி வந்துவிட்டது.