ஓவன் கோய்ல்: "இவரா?" என்று கேட்டவர்களும் "இவர்தான்!" என்று ஆடியவர்களும்

கிரிக்கெட்டில் கேப்டன் மாறினால் ஊரே பேசும். கால்பந்தில் கேப்டன் மாறினால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் மேனேஜர் மாறினால் வெட்டுக்குத்துதான். யார் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது, யாரை பெஞ்சில் உட்கார வைப்பது எல்லாம் அவர் கையில்தானே. (நம்ம நாட்டில் 'ஹெட் கோச்' என்பார்கள். வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.) அதனால் புது ஆள் பெயர் அறிவித்த அன்று சாயங்காலமே ரசிகர்கள் தீர்ப்பு எழுதி முடித்துவிடுவார்கள்.

அப்படி எழுதிய தீர்ப்பு பிறகு எப்படியெல்லாம் திருத்தப்படுகிறது என்று பார்க்க இங்கிலாந்து வரை போக வேண்டாம். நம்ம சென்னையின் எஃப்.சி. வரலாறே போதும். இந்தப் பதிவு 2019 டிசம்பரில் அங்கே வந்த ஓவன் கோய்ல் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றியது.

சரி, முதலில் முன்கதை.

கிரகரி என்ற முதல் பாடம்

2014ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது சென்னை அணிக்கு வந்தவர் மார்கோ மாட்டராஸி. 2006 உலகக்கோப்பை இறுதியில் ஜிடேன் தலையால் முட்டினாரே, அதை நெஞ்சில் வாங்கியவர். அவர் காலத்தில் 2015ல் சென்னை சாம்பியன். 2016ல் ஏழாவது இடம். 2017ல் அவர் போனதும் வந்தவர் ஜான் கிரகரி. ஒரு காலத்தில் ஆஸ்டன் வில்லா மேனேஜர். ஆனால் கடைசியாக அவர் பார்த்த வேலை கிராலி டவுன் என்ற சின்ன அணியில், அதையும் 2014 டிசம்பரில் விட்டாயிற்று. உலகக்கோப்பை வென்றவர் இருந்த நாற்காலியில் இவரா என்ற கேள்வி இயல்பாகவே வந்தது.

பதில் 2018 மார்ச் 17ல் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் கிடைத்தது. சொந்த ஊரில் ஆடிய பெங்களூரு அணியை 3-2 என்று வென்று சென்னைக்கு இரண்டாவது கோப்பை. மெயில்சன் ஆல்வெஸ் தலையால் அடித்த இரண்டு கோல்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிரகரி ஹீரோ ஆனார்.

கதை அங்கே முடிந்திருந்தால் சுபம் போடலாம். அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளிகள், பத்து அணிகளில் பத்தாவது இடம்! அதற்கடுத்த 2019-20 சீசனில் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல் கூட இல்லை. ஆறு ஆட்டங்களில் 5 புள்ளிகளோடு நவம்பர் கடைசியில் கிரகரி விடைபெற்றார். சந்தேகத்தில் தொடங்கி, கொண்டாட்டத்தில் உயர்ந்து, மறுபடி சந்தேகத்தில் முடிந்த இரண்டரை வருடம்.

கோய்லின் பயோடேட்டா

டிசம்பர் முதல் வாரத்தில் அறிவித்த பெயர் ஓவன் கோய்ல். அவருடைய பயோடேட்டாவைக் கடைசியிலிருந்து படித்துப் பாருங்கள்:

- ராஸ் கவுன்டி (ஸ்காட்லாந்து): 2018ல் பாதியில் விலகினார். அந்த சீசனில் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.
- பிளாக்பர்ன்: 2017 பிப்ரவரியில் வெளியேறினார். அந்த அணியும் அந்த சீசனில் இறங்கியது.
- ஹூஸ்டன் டைனமோ (அமெரிக்கா): 2016 மே மாதம் சீசன் நடுவில் பிரிவு.
- விகான்: 2013ல் சில மாதங்களே.
- போல்டன்: 2012ல் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது.

இதைப் பார்த்துவிட்டு ஒரு ரசிகர் சந்தோஷப்பட்டிருந்தால்தான் ஆச்சரியம். ஐரோப்பாவில் வேலை கிடைக்காதவர்களுக்கு இந்தியா என்ன ஓய்வூதியத் திட்டமா என்பது ஐ.எஸ்.எல். பார்ப்பவர்கள் பலரின் பழைய புகார். கோய்ல் அந்தப் புகாருக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற ஆள்.

ஆனால் இதே பயோடேட்டாவை முதலிலிருந்து படித்தால் வேறு ஒரு மனிதர் தெரிகிறார். 2009ல் பர்ன்லி என்ற சின்ன ஊர் அணியை 33 வருடங்களுக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல் பிரிவுக்கு அழைத்துப் போனவர் இவர்தான். வெம்ப்ளியில் ப்ளே-ஆஃப் இறுதியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 1-0 என்று வென்று சாதித்தது. பெரிய பணம் கிடையாது, நட்சத்திரங்கள் கிடையாது. இருக்கிற ஆட்களை முன்னே தள்ளி, பயப்படாமல் தாக்கி ஆட வைத்தார். சில மாதங்களிலேயே பக்கத்து போல்டனுக்குத் தாவி பர்ன்லி ரசிகர்களின் சாபத்தையும் வாங்கிக் கொண்டார், அது வேறு கதை :)

12 ஆட்டங்கள், 24 புள்ளிகள்

சென்னையில் வந்த உடனே மாயம் எதுவும் நடக்கவில்லை. ஜாம்ஷெட்பூரோடு 1-1. கேரளாவை 3-1 என்று வென்றார்கள். அடுத்து கோவாவிடம் 3-4 தோல்வி, ஒடிஷாவிடம் 0-2 தோல்வி. புத்தாண்டு பிறந்தபோது "நாங்கதான் சொன்னோமே" கட்சிக்குத்தான் பலம் அதிகம்.

2020 ஜனவரி 10லிருந்து காற்று மாறியது. ஹைதராபாத், நார்த்ஈஸ்ட், ஜாம்ஷெட்பூர் என்று வரிசையாக வெற்றி. பிப்ரவரி 1ல் கொச்சியில், கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் கடலுக்கு நடுவில் 6-3! பிறகு கொல்கத்தாவில் ஏ.டி.கே.வை 3-1, மும்பையில் 1-0. அந்த ஜனவரி 10க்குப் பிறகு லீகில் ஒரு தோல்வி கூட இல்லை. நான்காவது இடத்தில் முடித்து ப்ளே-ஆஃப் போனார்கள்.

கிரகரியின் கீழ் அந்த சீசனில் 6 ஆட்டங்களில் 5 புள்ளிகள். கோய்லின் கீழ் 12 ஆட்டங்களில் 24. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி கூட எடுக்காத அணி ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி எடுக்கத் தொடங்கியது.

அரையிறுதியில் லீகில் முதலிடம் பிடித்த கோவாவை சென்னையில் 4-1 என்று அடித்து, அங்கே 2-4 என்று தோற்றும் மொத்தத்தில் 6-5 என்று இறுதிக்குள் நுழைந்தார்கள். 2020 மார்ச் 14ல் இறுதி. கொரோனா வந்துவிட்டதால் மர்காவ் ஃபட்டோர்டா மைதானத்தில் ஒரு ரசிகர் கூட இல்லை. ஏ.டி.கே. 3, சென்னை 1. கோப்பை இல்லை. ஆனாலும் அந்த சீசனைத் தோல்வி என்று யாரும் சொல்லவில்லை. டிசம்பரில் "இவரா?" என்று கேட்டவர்கள் மார்ச்சில் "இவரைப் போக விடாதீர்கள்" என்றார்கள்.

யார் நெய்த சேலை?

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம். 15 கோல் அடித்து தங்கக் காலணி வாங்கிய லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஷெம்ப்ரி, மிசோரத்தின் சாங்டே, நம்ம நெய்வேலி எட்வின்... எல்லோரும் கிரகரி காலத்தில் அணிக்கு வந்தவர்கள். கோய்ல் செய்தது அவர்களை ஆட்டக்களத்தில் இன்னும் மேலே நகர்த்தியது, எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பறிக்கச் சொன்னது, கிரிவெல்லாரோ காலுக்குப் பந்து அதிகம் போகிற மாதிரி செய்தது.

எங்கள் ஆரணிப் பக்கம் பட்டுத்தறியில் ஒருவர் பாவு தயார் செய்து தருவார், இன்னொருவர் தறியில் உட்கார்ந்து ஊடை ஓட்டுவார். கடையில் சேலையைப் புரட்டுபவர்கள் "யார் நெய்தது?" என்றுதான் கேட்பார்கள். பாவு யாருடையது என்று கேட்க மாட்டார்கள். கோய்லைக் கொண்டாடியபோது கிரகரியை முழுசாக மறந்தது அந்த மாதிரிதான். அதற்காக நெய்தவரின் கைத்திறமை குறைந்துவிடாது. அதே பாவை வைத்துத்தான் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல் கூட வரவில்லை.

உலகம் முழுக்க இதே கதை

1996ல் ஜப்பானின் நகோயா அணியிலிருந்து ஆர்சென் வெங்கர் ஆர்சனலுக்கு வந்தபோது லண்டன் பத்திரிகை ஒன்று "யாருப்பா இவர்?" என்கிற தொனியில் தலைப்பே போட்டது. 1998ல் லீகும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்தே வந்தன.

2014 நவம்பரில் கிரீஸ் அணி சொந்த மண்ணில் குட்டித் தீவுக்கூட்டமான ஃபரோவிடம் தோற்றதும் கிளாடியோ ரனியேரி வேலை போனது. எட்டு மாதத்தில் அவரை லெஸ்டர் எடுத்தபோது சிரிக்காதவர்கள் குறைவு. 2016 மேயில் லெஸ்டர் பிரீமியர் லீக் சாம்பியன். 2017 பிப்ரவரியில், அதாவது ஒன்பது மாதம் கழித்து, அதே ரனியேரியை அதே லெஸ்டர் வெளியே அனுப்பியது!

ஆக "சந்தேகப்பட்டவர்கள் முட்டாள்கள்" என்பது இந்த வரலாற்றின் நீதி இல்லை. அப்படியென்றால் கிரகரியின் கடைசி வருடத்தையும் ரனியேரியின் கடைசி மாதங்களையும் எங்கே கொண்டு போய் வைப்பது?

இரண்டாவது தடவை

கோய்லின் கதையும் 2020ல் முடியவில்லை. அவர் ஜாம்ஷெட்பூர் போய் 2021-22ல் லீக் ஷீல்டு வென்றார். ஆக சென்னையில் நடந்தது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று நிரூபணம் ஆயிற்று. இந்தப் பக்கம் சென்னை மூன்று சீசன் தொடர்ந்து ப்ளே-ஆஃபை எட்டவில்லை. 2023ல் கோய்ல் திரும்ப வந்தபோது 2019ன் சந்தேகம் மருந்துக்குக் கூட இல்லை. ஒரே கொண்டாட்டம்.

என்ன ஆயிற்று? 2023-24ல் ஆறாவதாக வந்து ப்ளே-ஆஃப் முதல் ஆட்டத்திலேயே கோவாவிடம் தோல்வி. 2024-25ல் ப்ளே-ஆஃப் வாய்ப்பே கிட்டவில்லை. 2025ல் இரு தரப்பும் பிரிந்தன. யாரும் எதிர்பார்க்காதபோது இறுதி வரை போனவர், எல்லோரும் எதிர்பார்த்தபோது அந்தப் பக்கம் கூடப் போகவில்லை.

நற்பெயரை எப்படிக் கணக்குப் போடுவது?

எங்கள் பாடத்தில் ஒரு வியாபாரத்தின் நற்பெயரை மதிப்பிட ஒரு முறை உண்டு. கடைசி வருட லாபத்தை மட்டும் பார்க்கக் கூடாது. சில வருடங்களின் சராசரியை எடுக்க வேண்டும். எதிர்பாராமல் வந்த லாபத்தையும், தீ விபத்து மாதிரி வந்த நட்டத்தையும் கழித்து வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நாம் விலை கொடுப்பது முடிந்து போனதற்கு இல்லை, இனிமேல் வரப்போவதற்கு.

2019ல் ரசிகர்கள் பயோடேட்டாவின் கடைசி வரிகளை மட்டும் படித்து "வேண்டாம்" என்றார்கள். 2023ல் 2020ம் வருட வரியை மட்டும் படித்து "வேண்டும்" என்றார்கள். முடிவுகள் எதிரெதிர், படித்த முறை ஒன்றுதான். 2019ல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இருக்கிற ஆட்களை வைத்துத் தாக்கி ஆடத் தெரிந்தவர் இந்த அணிக்குத் தேவையா? ஆமாம், அன்றைக்கு அதுதான் தேவை, ஆட்களும் தயாராக இருந்தார்கள். 2023ல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: அந்த வால்ஸ்கிஸும் கிரிவெல்லாரோவும் அதே வேகத்தில் இப்போது இங்கே இருக்கிறார்களா?

அதாவது 'ஆள் நல்லவரா' என்பது ஒரு கேள்வி, 'இந்த நியமனம் சரியா' என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஆளை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அணியையும் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஓவன் கோய்ல்தான், ஒரே சென்னைதான். ஒரு தடவை பொருந்தியது, இன்னொரு தடவை பொருந்தவில்லை.

ரசிகர் சந்தேகப்படலாம். டிக்கெட் வாங்கி, தொண்டை கிழியக் கத்தி, தோற்ற பிறகு நேரு ஸ்டேடியத்திலிருந்து ராத்திரியில் வீடு திரும்புகிறவருக்கு அந்த உரிமை நிச்சயம் உண்டு. பாராட்டும்போதும் அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கொள்ளலாம் என்பதே நான் சொல்ல வந்தது. அடுத்த தடவை ஒரு புதுப் பெயர் வரும்போது பயோடேட்டாவின் முதல் வரியிலிருந்து படிப்போம். அப்படியே நம்ம அணியின் ஆட்கள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக் கொள்வோம் :)