சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: தென்னிந்தியச் சிகிச்சை நிலை

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு ஒவ்வொன்று வந்து சேரும்போது பிள்ளைக்கு உண்டாகும் நோய். மருத்துவமனைகளில் சுருக்கமாக சி.எஃப். என்பார்கள். 7-ஆம் குரோமோசோமில் இருக்கும் சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணு செல்களின் மேற்பரப்பில் குளோரைடு கடந்துசெல்லும் வாயிலை உருவாக்குகிறது. அந்த வாயில் இயங்காவிட்டால் நுரையீரலின் சளி பசைபோல் இறுகிவிடுகிறது. கணையத்தின் செரிமான நீர் குடலுக்கு வந்து சேர்வதில்லை. வியர்வையிலோ உப்பு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. பெற்றோர் இருவரும் மரபணுவை ஏந்தியிருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில், இருவரும் ஒரே பழுதை ஏந்தியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இது வெள்ளையர் நோய், இந்தியாவில் கிடையாது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1968-லேயே இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் இருப்பதாக மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்தன. அதன் பிறகும் அந்த நம்பிக்கை எளிதில் கலையவில்லை. ஐரோப்பிய வம்சாவளியினரிடையே ஏறத்தாழ 2,500 முதல் 3,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் நோய் காணப்படுகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குடியேறிய இந்திய வம்சாவளியினரை வைத்துச் செய்த கணிப்புகள் 10,000-க்கு ஒன்று முதல் 40,000-க்கு ஒன்று வரை சொல்கின்றன. அரிய நோய்தான். ஆனாலும் பிறப்பு எண்ணிக்கை இவ்வளவு பெரிய நாட்டில் அது சிறிய தொகை அல்ல. இந்தியக் குழந்தைகளுக்கு முதல் பெரிய தடை மருந்தின் விலை அல்ல, நோயின் பெயரே தெரியாமல் போவதுதான்.

எல்லைப் பகுதியும் நோயின் முகமும்

அது எப்படி நேர்கிறது என்பதற்கு எல்லைப் பகுதி ஒன்றைப் பார்க்கலாம். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டம் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக் கிடக்கிறது. விழிஞ்ஞத்தை ஒட்டிய கோட்டுகால் ஊராட்சி, அதன் அடிமலத்துறைக் கடற்கரை, தெற்கே பாறசாலை, எல்லை தாண்டினால் களியக்காவிளை என்று தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர்கள் இவை. கடலோர வெக்கையும் புழுக்கமும் உடம்பிலிருந்து வியர்வையை ஓயாமல் இறக்கும் நிலம். இத்தகைய இடத்தில் சி.எஃப். இருமலாக அல்லாமல், உப்பு இழப்பாகவும் முதலில் தலைகாட்டலாம்.

கோடையில் கைக்குழந்தை திடீரெனச் சோர்ந்து, பால் குடிக்க மறுத்து, வாந்தி எடுக்கும். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் குறைந்து, பைகார்பனேட் ஏறியிருக்கும். இதைப் போலி பார்ட்டர் நிலை என்பார்கள். டிரிப் ஏற்றினால் இரண்டு மூன்று நாளில் பிள்ளை தேறிவிடும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அடுத்த வெயிலில் மறுபடியும் அதே நிலை. தாய்ப்பாலில் சோடியம் குறைவு. ஆகவே தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு ஆபத்து கூடுதல். நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரிக்கிறது என்று தாய் சொன்னால், எந்த மருத்துவரும் அதைக் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும்.

மற்ற அடையாளங்களும் வேறு பெயர்களுக்குள் ஒளிந்துகொள்கின்றன. எண்ணெய் மிதக்கும் நாற்றமடிக்கும் மலத்தை மாந்தம் என்பார்கள். எடை ஏறாததை ஊட்டக்குறைவு என்பார்கள். விடாத இருமலுக்கும் இழுப்புக்கும் ஆஸ்துமா என்றோ பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றோ பெயர் வைத்து, காசநோய் மருந்தை ஆறு மாதம் கொடுப்பதும் உண்டு. காசநோய் மிகுந்த நாட்டில் அந்த ஐயம் நியாயமானதே. கிருமி எதுவும் காட்டாத சளியும் ஏறாத எடையும் ஒன்றாக வந்த பிறகும் வேறெதையும் தேடாமல் விடுவதை நியாயப்படுத்த முடியாது.

வியர்வைச் சோதனை

நோயை உறுதிசெய்ய 1959-இல் கிப்சனும் குக்கும் வகுத்த முறையே இன்றும் அடித்தளம். முன்கையில் பைலோகார்ப்பின் மருந்தில் நனைத்த துண்டை வைத்து, வலிக்காத மெல்லிய மின்சாரத்தை ஐந்து நிமிடம் செலுத்துவார்கள். தோல் சிவந்து அந்த இடம் மட்டும் வியர்க்கத் தொடங்கும். அரை மணி நேரம் அந்த வியர்வையை வடிதாளிலோ சுருள்குழாயிலோ பிடித்து, அதிலுள்ள குளோரைடை அளப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய். 30-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் இல்லை. இடையில் நின்றால் மரபணுச் சோதனை தேவை. வெளிநாட்டுக் கருவி விலை அதிகம் என்பதால், டெல்லி எய்ம்ஸ் குழந்தை மருத்துவத் துறை உள்நாட்டிலேயே வியர்வை சேகரிக்கும் ஏற்பாடு ஒன்றை உருவாக்கிச் சரிபார்த்து 2002-இல் வெளியிட்டது. எஸ்.கே. காப்ராவின் தலைமையில் அங்கு நடந்த பணிதான் இந்திய சி.எஃப். மருத்துவத்துக்கு முதுகெலும்பு. தெற்கே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் குழந்தை நுரையீரல் பிரிவு இந்நோய்க்குத் தனிக் கவனம் தருகிறது. எல்லைக் கிராமக் குடும்பங்களுக்கு அருகில் இருக்கும் பெரிய குழந்தை மருத்துவமனை, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்து எஸ்.ஏ.டி. மருத்துவமனை.

பிறந்த குழந்தையின் குதிகால் ரத்தத்தில் ஐ.ஆர்.டி. என்ற பொருளை அளந்து நோயைக் கண்டுகொள்ளும் வழி 1979-இலிருந்து உண்டு. அமெரிக்காவில் 2010-க்குள் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்குக் குதிகால் ரத்தப் பரிசோதனையை முன்னோடியாகத் தொடங்கிய கேரளம் தேர்ந்துகொண்டது தைராய்டு குறைபாடு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு, ஜி6பிடி குறைபாடு உள்ளிட்ட சில நோய்களை. அந்தப் பட்டியலில் சி.எஃப். இடம்பெறவில்லை.

அன்றாடச் சிகிச்சை

உயிரைக் காப்பதில் பெரும்பங்கு வீட்டில் நடக்கிறது. ஆறு மாதம் வரை குழந்தைக்கு நாளொன்றுக்கு எட்டில் ஒரு தேக்கரண்டி உப்பு, அதன் பிறகு கால் தேக்கரண்டி என்பது பரவலான வழிகாட்டல். வெயில் ஏறினால் மருத்துவர் கூட்டுவார். வளர்ந்த பிள்ளைக்கு உப்பிட்ட கஞ்சித்தண்ணீர், மோர் எல்லாம் நல்லவை. இளநீரை மட்டும் நம்பக்கூடாது. அதில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு.

சாப்பாட்டுடன் ஒவ்வொரு முறையும் கணைய நொதிக் காப்ஸ்யூல் வேண்டும். விழுங்கத் தெரியாத குழந்தைக்குக் காப்ஸ்யூலைத் திறந்து, உள்ளேயுள்ள மணிகளை நசுக்காமல், புளிப்புள்ள பழக்கூழில் கலந்து ஊட்டுவார்கள். ஊட்டிய பின் வாயில் மணி தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கினால் ஈறு புண்ணாகிவிடும். நெய், தேங்காய்ப்பால், நிலக்கடலை, முட்டை, மத்தி மீன் என்று கொழுப்பைக் குறைக்காமல் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் தனியே தேவை.

சளியை வெளியேற்றுவது தினமும் இருவேளை வேலை. முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, பிறகு 3 அல்லது 7 விழுக்காடு உப்புநீர் நெபுலைசரில், அதன் பின் உடற்பயிற்சியோ முதுகு தட்டலோ, கடைசியில் தேவையானால் உள்ளிழுக்கும் ஆன்டிபயாடிக். வரிசை மாறினால் பலன் குறையும். விலையுயர்ந்த ஊதுகருவிக்குப் பதிலாக, பிளாஸ்டிக் பாட்டிலில் சுமார் 10 செ.மீ. உயரம் தண்ணீர் விட்டு, குழாய் ஒன்றை அதில் இறக்கி, குமிழி எழ ஊதச் சொல்வதும் உண்டு. நீரின் எதிரழுத்தம் மூச்சுக்குழாய்களைத் திறந்து வைத்து, சளியை மேலே நகர்த்துகிறது. நெபுலைசர் கிண்ணத்தைக் கழுவிக் கொதிக்க வைத்து, முழுக்க உலரவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும். ஈரத்தில் வளரும் சூடோமோனாஸ் கிருமி நுரையீரலில் குடியேறிவிட்டால் கிளப்புவது பெரும்பாடு. தென்னிந்தியாவின் மழைக்காலச் சேற்றிலும் நீரிலும் மெலியாய்டோசிஸ் கிருமியும் உண்டு, சி.எஃப். உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும் என்பதால், வயல் சேற்றில் வெறுங்காலோடு இறங்குவதைத் தவிர்க்கச் சொல்வது நல்லது.

வேரைத் தொடும் மருந்துகள்

1938-இல் டாரதி ஆண்டர்சன் இந்நோயை விவரித்தபோது பெரும்பாலான குழந்தைகள் சிறுவயதிலேயே இறந்தன. 1989-இல் லாப்-சீ சூய், ஃபிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியோர்டன் ஆகியோரின் குழுக்கள் மரபணுவைக் கண்டுபிடித்தன. 1993-இல் சளியை இளக்கும் டோர்னேஸ் ஆல்ஃபா, 1997-இல் உள்ளிழுக்கும் ஆன்டிபயாடிக்கான டோப்ராமைசின் என்று வரிசையாக வந்தவை எல்லாம் விளைவுகளைத் தணிப்பவை. 2012-இல் வந்த ஐவகாஃப்டர்தான் பழுதான வாயிலையே திறக்கும் முதல் மருந்து. 2019 அக்டோபரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மூவகைக் கூட்டு மருந்து டிரைகாஃப்டா, எஃப்508டெல் என்ற மிகப் பரவலான பிறழ்வின் ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்யும். இத்தனைக்கும் பிறகு, 2019 முதல் 2023 வரை அமெரிக்காவில் பிறந்த சி.எஃப். குழந்தைகளின் எதிர்பார்க்கப்படும் இடைநிலை ஆயுள் 61 ஆண்டுகள் என்று அந்நாட்டுப் பதிவேடு கணித்தது.

இங்கு இரண்டு சிக்கல்கள். மேற்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது நோயாளிகளிடம் எஃப்508டெல் இருக்கிறது. இந்திய ஆய்வுகளில் அது மொத்தப் பழுதுபட்ட மரபணுக்களில் 19 முதல் 44 விழுக்காடே. மற்றவை சிதறிக்கிடக்கும் அரிய பிறழ்வுகள். ஆகவே மரபணுவை முழுதாகப் படிக்காமல் யாருக்கு மருந்து பயன்படும் என்று சொல்லவே முடியாது. இன்னொன்று விலை. வெர்டெக்ஸ் நிறுவனம் டிரைகாஃப்டாவுக்கு அமெரிக்காவில் வைத்த தொடக்க விலை ஆண்டுக்கு 3,11,000 டாலர். 2023-இல் இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், உக்ரைன் நாடுகளின் நோயாளிக் குடும்பங்கள் காப்புரிமைத் தடையை நீக்கக் கோரித் தத்தம் நாடுகளில் மனுக் கொடுத்தன. அர்ஜென்டினாவில் காடோர் நிறுவனம் அதே கூட்டைக் குறைந்த விலையில் தயாரிக்கிறது.

இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கை, வாயிலைத் திறக்கும் சி.எஃப். மருந்துகளை மூன்றாம் தொகுதியின் விலை மிக உயர்ந்த பிரிவில் வைத்திருக்கிறது. உயர்சிறப்பு மையங்களில் பதிவு செய்த நோயாளிக்கு 2022-இலிருந்து 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு, எஸ்.ஏ.டி. அத்தகைய மையம். 2024 பிப்ரவரியில் கேரள அரசு 'கேர்' என்ற பெயரில் அரிய நோய்களுக்கான தன் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்க விலையில் 50 லட்சம் ஒரு பிள்ளைக்கு மூன்று மாதம்கூட வராது. அதே மருந்தை ஆண்டுக்குச் சுமார் 5,700 டாலரில் தயாரிக்க முடியும் என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த விலைக்குக் கிடைத்தால் அதே 50 லட்சம் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் போதும்.