நொய்யரிசி கடல் கடந்த கதை

நம் இல்லங்களில் அரிசி புடைக்கும்போது முறத்தின் ஓரத்தில் ஒதுங்கும் நொய்யை என்ன செய்வார்கள்? கஞ்சிக்கு ஆகும், மிஞ்சினால் கோழிக்கு ஆகும். விருந்தினருக்கு நொய்ச்சோறு இடும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனெகல் நாட்டில் விருந்துச் சமையலுக்குத் தேடி வாங்குவது நொய்யரிசியைத்தான். இந்த விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அந்த அரிசியால் ஆக்கும் உணவுக்குச் 'செபு ஜென்' என்று பெயர். வோலோப் மொழியில் செப் என்றால் அரிசி. ஜென் என்றால் மீன். சமைக்கும் முறையை முதலில் கூறிவிடுகிறேன். வரலாறு அந்தப் பானைக்குள்ளேயே இருக்கிறது.

பெரிய மீனைத் தடித்த துண்டங்களாக நறுக்கி, துளையிட்டு, பூண்டு, மிளகாய், உப்பு, ஒருவகை நறுமணக் கீரை ஆகியவற்றை இடித்து அடைப்பர். நிலக்கடலை எண்ணெயில் மீனைப் பொரித்தெடுத்து, அதே எண்ணெயில் வெங்காயத்தையும் தக்காளி விழுதையும் வதக்கி, நீர் வார்த்து, முட்டைக்கோசு, காரட், கத்தரி, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைப் பெருந்துண்டங்களாக இட்டு வேகவைப்பர். மணத்துக்குக் கருவாடும் ஒரு துண்டு சேரும். கழுவிய நொய்யைத் துளையுள்ள பாத்திரத்தில் இட்டு, கொதிக்கும் குழம்பின்மேல் வைத்து ஆவி காட்டுவர். நம் புட்டுப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீனையும் காய்களையும் வெளியே எடுத்துவிட்டு, அக்குழம்பிலேயே நொய்யைக் கொட்டி, மூடிச் சிறுதீயில் விடுவர். நொய் குழம்பை உறிஞ்சிச் செந்நிறமாகும். அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தனியே வைப்பர். அதற்குத்தான் வீட்டில் போட்டி. ஒரே பெரிய தட்டில் பரிமாறி, அனைவரும் சுற்றி அமர்ந்து உண்பர். நம் வீட்டிலும் வஞ்சிர மீனைக் கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம். நீரை மட்டும் அளவறிந்து வார்க்கவேண்டும், இல்லையேல் சோறு களியாகிவிடும்.

மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அதனால் அரிசியும் ஆப்பிரிக்காவுக்குப் புதியது என்று எண்ணிவிட வேண்டாம். ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பே, நைஜர் ஆற்றின் உட்கழிமுகப் பகுதியில், ஆசிய நெல்லினின்று வேறான ஒரு தனி நெல்லினத்தை மக்கள் பயிர்செய்யத் தொடங்கினர். செனெகலின் தென்பகுதியில் ஜோலா மக்கள் உப்பங்கழிகளில் வரப்பெடுத்து, நீண்ட பிடியுடைய மர மண்வெட்டியால் உழுது நெல் விளைவித்தனர். ஆயினும் வடபகுதி மக்களின் அன்றாட உணவு கம்பும் சோளமுமே.

மாற்றம் பிரெஞ்சு ஆட்சியில் வந்தது. பிரெஞ்சுக்காரர் 1659-இல் செனெகல் ஆற்றின் முகத்துவாரத்தில் செயின்ட் லூயி நகரை அமைத்தனர். அங்கே நெடுங்காலம் நடந்த வாணிகம் அடிமைகளையும் வேலம்பிசினையும் பற்றியது. பிசினுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது எது தெரியுமா? புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி! அந்த ஆற்றங்கரையில் அத்துணியே நாணயம்போல் வழங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் இடையில் பிரான்சின் சோப்பு ஆலைகளுக்கு எண்ணெய் தேவைப்பட்டது. செனெகல் நாடெங்கும் நிலக்கடலை பயிராயிற்று. கம்பு விளைந்த நிலம் கடலைக்குப் போயிற்று. உழவனுக்குக் காசு கிடைத்தது, குதிர் காலியாயிற்று. அந்தக் குறையை நிரப்ப வந்ததுதான் நொய். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்தோசீனாவில், சைகோன் நகர ஆலைகளில் அரிசி தீட்டும்போது உடைந்த நொய்யை மலிவாகக் கப்பலேற்றி அனுப்பினர்.

கழிவென்று அனுப்பியதைச் செனெகல் பெண்கள் கலையாக்கினர். செயின்ட் லூயி நகரில் பெண்டா எம்பாய் என்ற சமையற்காரி, தானியத் தட்டுப்பாடு நேர்ந்தபோது அரிசியை இட்டு இவ்வுணவை ஆக்கினார் என்பது அந்நகரத்தார் கூறும் வழிவழிச் செய்தி. கதை எவ்வாறாயினும், செந்நிறச் செபு ஜென் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நைஜீரியாவிலும் கானாவிலும் ஆக்கும் ஜோலோப் சோறு, வோலோப் மக்களின் பழைய ஜோலோப் பேரரசின் பெயரைத் தாங்கியது.

1960-இல் செனெகல் விடுதலை பெற்றது. நாவில் படிந்த சுவை விடுதலையோடு போய்விடவில்லை. நொய் கப்பல்கள் தொடர்ந்து வந்தன, பிற்காலத்தில் நம் நாட்டிலிருந்தும் சென்றன. 2022 செப்டம்பரில் இந்திய அரசு நொய்யரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. கோழித் தீவனத்துக்கும் எரிசாராயத்துக்கும் உள்நாட்டில் நொய் வேண்டும் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. நமக்குக் கோழித் தீவனம், அவர்களுக்கு நண்பகல் உணவு! பின்னர் அரசுக்கும் அரசுக்கும் நடந்த பேச்சின்பேரில் செனெகலுக்குத் தனி அனுமதி தரப்பட்டது. அத்தடைக்குச் சில திங்கள் முன்னர்தான், 2021 டிசம்பரில், செபு ஜென் ஆக்கும் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்திருந்தது.