கோப்புப் பூட்டின் பூர்வ சரித்திரம்

1974-ஆம் வருஷம் டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்ப்ஸனும் யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி எழுதிய பிரசித்தமான கட்டுரையில், ஒரே கோப்பில் பலர் ஏககாலத்தில் எழுதுவதைத் தடுக்கும் பூட்டு தங்கள் சூழலுக்கு அவசியமும் அன்று, போதுமானதும் அன்று என்று அபிப்பிராயம் தெரிவித்தார்கள். பெரிய தரவுக்கோப்பு ஒன்றைத் தனித்தனி நிரல்கள் சேர்ந்து பேண வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு நேராத காலமாதலின், அதைக் குறைகூற நான் துணியேன்.

1983-இல் பெர்க்லி சர்வகலாசாலையின் 4.2 பி.எஸ்.டி. ‘எஃப்லாக்’ என்னும் பூட்டைக் கொணர்ந்தது: படிப்போர் பலருக்குப் பொதுப் பூட்டு, எழுதுபவர் ஒருவருக்குத் தனிப் பூட்டு. ஆயினும், பூட்டைக் கேளாமலே கோப்பில் கைவைக்கும் நிரலை அது தடுப்பதில்லை.

இதன் அருமை 1990-களில், வலைத்தளங்களில் வருகை எண்ணிகள் பரவியபோதுதான் நன்கு புலப்பட்டது. சி.ஜி.ஐ. முறையில் வேண்டுகோள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் தனித்து ஓடுமாதலால், ஒரே கணத்தில் இருவர் வந்தால் இரு நிரல்களும் எண்ணிக்கைக் கோப்பில் 100 என்று படித்து, இரண்டும் 101 என்றே எழுத, ஒரு வருகை மறைந்தொழிந்தது. பூட்டை அறிந்தவர்களுக்கும் ஒரு விபரீதம் காத்திருந்தது: எழுதுவதற்கென்று திறந்த மாத்திரத்திலேயே கோப்பு வெறுமையாகிவிட, பிறகு பெற்ற பூட்டு காப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை. சேதமின்றித் திறந்து, பூட்டைப் பெற்று, அதன் பின்னரே பழைய எண்ணைப் படித்துப் புதியதை எழுதி, மூடும்வரை பூட்டை விடாதிருப்பதே செவ்விய முறை. உள்ளடக்கத்தை அழிக்காமல் எழுதத் திறக்கும் ‘சி’ முறையை பி.எச்.பி. மொழி 2008-இல், 5.2.6 பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டது.